அருணா டீச்சர் போனில் இருக்கிறார்

"பாருங்க, இன்னைக்கும் போனும் கையுமாத்தான் நிக்குது அந்த டீச்சர்!"

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்ற கண்ணாயி கையை நீட்டிக் காட்டினாள். ராதிகா எட்டிப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பள்ளியின் பின்புறம், பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவில் சொகுசாகச் சாய்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார் அருணா டீச்சர். இந்த வருஷம்தான் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தவர்.

"ஆமாக்கா! குழம்புல புளி ஜாஸ்தி! நான் சொன்னேன், அவரு கேட்டாத்தானே! அப்புறம் அந்த நாய்க்குட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா?"

பலா மரத்துக் காக்கைகள் பயந்து பறந்தன.

"தெனமும் இதே கூத்துதானுங்க" என்றாள் கண்ணாயி. "கேட்டா, அங்கதான் டவர் நல்லாக் கெடைக்குதுன்னு சொல்றாங்களாம். நீங்க பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. நீங்க கேக்காம வேற ஆரு கேப்பாங்க?"

"கேக்காம வுடுவனா? சாயங்காலம் கூட்டத்துல இருக்குது அந்தம்மாவுக்கு. மாத்தல் வாங்கிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை!"

ராதிகாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்புவரை அவள் மகள் வித்யாஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு சுருண்டு படுத்தாள். பள்ளிக்கூடத்தில் ஒருவராவது என்ன ஏது என்று கேட்டார்களா? ராதிகாதான் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பூச்சியும் இல்ல, புண்ணும் இல்ல. மலச்சிக்கல். சாப்பாடு எரப்பையில எறங்குனதும் பெருங்குடல் தன் வேலைய ஆரம்பிக்கும். அதனாலதான் பல பேருக்குச் சாப்பிட்டதும் போகணும்போல இருக்கு. அப்பப் போகாம அடக்குனா, உள்ள தங்குனதுல இருக்கற தண்ணியப் பெருங்குடல் உறிஞ்சிக்கிட்டே இருக்கும். மிச்சம் கல்லாட்டம் ஆயிரும். போனா வலிக்கும். வலிக்கும்னு பயந்து பிள்ளை இன்னும் அடக்கும்."

"ஏனுங்க டாக்டரம்மா, மருந்து குடுத்தா செரியாயிருங்களா?"

"மருந்து பாதி வேலைதான் செய்யும். தண்ணி, கீரை, பழம் எல்லாம் வேணும். முக்கியமா, வர்றப்பப் போயிரணும்."

ராதிகா மருந்தையும் கொடுத்தாள், பப்பாளியையும் கொடுத்தாள். கொஞ்ச நாளிலேயே வித்யாஸ்ரீ ஆட்டுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த மருந்து கைகண்ட மருந்துங்க!" என்று ராதிகா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி முடித்தாயிற்று.

அந்த வித்யாஸ்ரீயே இன்று காலையில், "டீச்சர் பேசுனாப் பேசிட்டுப் போறாங்க, வுடும்மா" என்று பரிந்துகொண்டு வந்ததுதான் ராதிகாவுக்கு இன்னும் எரிச்சல்.

"கூட்டத்துல வாயால சொன்னாப் பத்தாதுங்க" என்று கண்ணாயி கிசுகிசுத்தாள். "ஒரு வீடியோ எடுத்து நம்ம குரூப்புல போட்டு வுடுங்க. ஊரே பாக்கட்டும்."

அது நல்ல யோசனையாகப் பட்டது. ராதிகா உள்ளே போய்ப் பலா மரத்தின் பின்னால் பதுங்கினாள். போனை நீட்டினாள்.

"அட, கேளுக்கா! அந்தச் சேலை சாயம் போயிருச்சு! கேளு, கேளு! அப்புறம் பஸ்ஸுல ஒரு அம்மா பலாப்பழத்துக்கு சீட்டுக் கேட்டாங்க..."

டீச்சர் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு 'உம்' கொட்டக்கூட இடம் தரவில்லை. இப்படியும் ஒரு வாயா என்று ராதிகாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீடியோவை முடித்துக் குரூப்புக்கு அனுப்பினாள்.

போகவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். மரத்தை விட்டு வெளியே வந்து, டீச்சர் நிற்கும் இடத்துக்கே போய்விட்டாள். அங்கேயும் ஒரு கோடுகூட இல்லை.

டவரே இல்லையே! அப்புறம் இந்தம்மா ஆருகிட்டப் பேசுது?

"அருணா டீச்சர்! ஆபீசர் வந்திருக்காரு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க!" வராந்தாவிலிருந்து தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

டீச்சர் தவித்துப்போய்த் திரும்பினார். ராதிகாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க! இந்தக் கதவுல கொஞ்சம் நல்லாச் சாஞ்சுக்கங்க. இதோ வந்துடறேன்!"

சொல்லிவிட்டு ஓடிவிட்டார். ஒன்றும் புரியாமல் ராதிகா கதவில் சாய்ந்தாள். திடீரென்று ஒரே அமைதி.

கதவுக்கு உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"டீச்சர்... ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க டீச்சர். எனக்கு இன்னும் முடியல. பசங்களுக்குச் சத்தம் கேட்டுரும்..."

வித்யாஸ்ரீயின் குரல்.

ராதிகா திரும்பிக் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. போன கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, "தாழ்ப்பாள்தானுங்களே, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்" என்று சொன்னது வேறு யாரும் இல்லை, தலைவிதான்.

மூலையில் பந்து விரட்டிக்கொண்டு வரும் பையன்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

போகாமல் சுற்றிக்கொண்டிருந்த வீடியோவை ராதிகா சட்டென்று அழித்தாள். முதுகு முழுவதும் பதியக் கதவில் சாய்ந்தாள். போனைக் காதில் வைத்து, மலையே கேட்கும்படி கத்தினாள்:

"ஹலோ! சேந்தமங்கலம் இரும்புக் கடைங்களா? நல்லாக் கெட்டியா ஒரு தாழ்ப்பாள் வேணுமுங்க!"