தோளில் கிரீஸ்

துறைமுகப் பணிமனைக்கு வந்திருந்த கிழட்டு புல்டோசரில், பம்புக்குப் பின்னால் ஒரு போல்ட் துருவேறி இறுகிக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத இடம். இரண்டு விரல்தான் நுழையும். மெக்கானிக் ஜெசிந்தா டார்ச் பிடிக்க, இயந்திரக் கை உள்ளே போனது.

அவள் கணவன் லூர்துராஜிடம் வேலை பழகிய கை அது. பக்கவாதம் வருவதற்கு முந்தைய வருடம், அவனுக்கு சென்சார் கையுறை மாட்டி, அவன் விரலசைவு ஒவ்வொன்றையும் இந்த இயந்திரக் கையில் ஏற்றியிருந்தார்கள். அப்போதும் டார்ச் பிடித்தவள் இவள்தான்.

கை போல்ட்டை முதலில் கொஞ்சம் இறுக்கியது. கிர்ரென்று துரு விட்டது. பிறகு பதமாகக் கழற்றி வெளியே எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, கிரீஸ் விரல்களை ஜெசிந்தாவின் தோளில் அழுத்தித் துடைத்தது. ஓரடி தள்ளி நின்றிருந்தால் தப்பித்திருப்பாள். ஒருநாளும் அவள் தள்ளி நின்றதில்லை.

புதிதாக வந்த இன்ஜினியர் பதறிப்போனார். "அக்கா, இதெல்லாம் வேண்டாத அசைவு. அந்த இறுக்குறதையும் சேர்த்து அழிச்சிரவா?"

"இறுக்காம துரு விடாது சார்."

"சரி, துடைக்கிறது?"

"அதத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

சாயங்காலம் வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்த லூர்துராஜ், அசையாத வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் தோளைப் பார்த்தான்.

"ஏளா, இன்னைக்கும் நான் வேலைக்கு வந்தேனா?"

"வந்தீக. தொடைக்கத் துணி கொண்டாரத்தான் இன்னைக்கும் மறந்துட்டீக."