யாரும் போகாத பாதை

"இது யாருமே போகாத பாதை. மேப்புல ஒரு மாசம் தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றான் ஹரீஷ். அருப்புக்கோட்டையில் கியர் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடை நண்பர்களுடன் காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டப் போவான்.

அன்று புதிதாகச் சேர்ந்தவள் தங்கமாரி. நாற்பது வயதிருக்கும். கடையிலேயே ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்திருந்தாள்.

"வழி பூரா கருவேல முள்ளுக்கா. முடியலன்னா சொல்லுங்க, திரும்பிருவோம்."

"சரி தம்பி."

திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் நுழைந்ததும் அவளே முன்னால் போனாள்.

"இங்கிட்டு வாங்க, அங்க முள்ளு கெடக்கு. வளைவுல பள்ளம், பாத்து!"

ஹரீஷ் மூச்சு வாங்கப் பின்தொடர்ந்தான். கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்தவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, ஞாயித்துக்கெழமையும் தபாலா?"

"இல்லண்ணே, லீவுதான்."

ஹரீஷ் பிரேக் பிடித்தான். "அக்கா, நீங்க தபால்காரவுகளா? தெனமும் இந்தப் பாதையிலதான் வாரீகளா?"

"பன்னெண்டு வருசமா."

"சொல்லியிருக்கலாம்லக்கா!"

"அம்புட்டு ஆசையாச் சொன்னீக. கெடுக்க மனசு வரல."

"லீவன்னைக்கும் எதுக்கு இங்க?"

தங்கமாரி கரைச் சரிவை எட்டிப் பார்த்தாள். "பையில ஊராளுக தபாலு இருக்கும். சிந்திரும்னு பயந்து, இந்த எறக்கத்துல தெனமும் எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போவேன். ஒருநாளாவது பிரேக்கே புடிக்காம எறங்கணும் தம்பி."

சொல்லிவிட்டு ஓங்கி மிதித்தாள். புழுதிக்குள்ளிருந்து அவள் கூச்சலும் சிரிப்பும் மட்டும் கேட்டன.

ஹரீஷும் நண்பர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மெல்ல இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனார்கள்.