பாட்டில்லாத பூசை

"எம் பொண்ணு புதுநன்மை வாங்குற அன்னிக்கு மட்டும் பாட்டு கெடையாதா? இது இன்னா ஞாயம் சந்தியாகண்ணே?"

கீபோர்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த சந்தியாகு நிமிரவில்லை. செஞ்சிப் பங்குக் கோயிலில் பதினைந்து வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர். வாயைத் திறந்தால் மூடாத மனிதர். இன்று, சாமியார் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் முனகினார்.

அடைக்கலமேரி விடவில்லை. போன வருடம் பதினோரு பிள்ளைகள் புதுநன்மையாக, முதன்முதலாக நற்கருணை வாங்கியபோது பாடிய பாட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதே, அது மட்டும் எப்படி என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து வாங்கியிருக்க வேண்டியவள்தான் அவள் மகள் பிலோமினாவும். அம்மா சொல்லிக்கொடுத்து, செபங்களையெல்லாம் மற்றவர்களுக்கு முன்பே படித்து முடித்திருந்தாள். சாமியார்தான் அடைக்கலமேரியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வருடம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் அங்கேயே அழுதுவிடுவோம் என்று பயம்.

"எம் பொண்ணுக்குப் பாட்டு எதுக்குன்னுதானே நெனச்சீங்க?"

சந்தியாகுவின் முகம் சுருங்கிப்போனது. "அப்படி இல்ல மேரி. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கம்மா" என்றார்.

பொறு, பொறு. இதைத் தவிர வேறு வார்த்தையே தெரியாதா இவர்களுக்கு என்று நினைத்தபடி அவள் படியிறங்கினாள்.

இதே சனங்கள்தான், அவள் கணவன் லாரி விபத்தில் போனபோது பிணத்தைத் தோளில் சுமந்தவர்கள். புயல் மழையில் வீட்டுச் சுவர் சரிந்தபோது, கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நின்றவர்கள். காந்தி பஜார் ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் சந்தியாகுதான். அதனால்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

இன்னொன்றும் அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது. பல மாதமாக ஞாயிறு சாயங்காலங்களில் பங்கு சனமெல்லாம் பள்ளிக்கூட ஹாலுக்குள் போகிறார்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் வெளியே வராது. என்ன கூட்டம் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அவளை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் விநாயகமும் உள்ளே போவதைப் பார்த்தாள். விநாயகம் ஆட்டோ ஓட்டுகிறவன். விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிலோமினாவை வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடுவான். நெற்றியில் விபூதி இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

"கோயில் கூட்டத்துல ஒனக்கு இன்னாப்பா வேலை?"

"சும்மாக்கா. ஒரு மீட்டிங்கு" என்று சொல்லிவிட்டு அவன் நழுவிக்கொண்டான்.

விபூதி பூசினவனுக்கும் உள்ளே இடம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. இந்தப் பூசை முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வேலூரில் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிலோமினா வந்தாள். கடையிலிருந்து வாங்கிவந்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றாள். பாட்டு இல்லை என்பதை அடைக்கலமேரி அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறு காலை, கிறிஸ்துமஸுக்குக்கூட வராத கூட்டம் கோயிலில் நிரம்பியிருந்தது. கீபோர்டு உறையோடு ஓரமாகக் கிடந்தது. பீடத்துக்கு முன்னால் பிலோமினா தன்னந்தனியாக நின்றாள். முதல் வரிசையில் இருந்த அடைக்கலமேரி, யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

கர்த்தர் கற்பித்த செபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். ஒரு குரல்கூட வரவில்லை. செபத்தையும் நிறுத்திவிட்டார்களா என்று பொறுக்கமாட்டாமல் அவள் தலையை நிமிர்த்தினாள். பிலோமினா பீடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றாள்.

அடைக்கலமேரி திரும்பினாள்.

சந்தியாகு, ஜவுளிக்கடை முதலாளி, புயலில் சுவர் எடுத்துக் கட்டியவர்கள், கோயில் கொள்ளாத அத்தனை பேரும் கையால் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விநாயகத்துக்கு நடுவில் ஒரு சைகை தப்பிப்போக, பக்கத்து ஆளைப் பார்த்துத் திருத்திக்கொண்டான்.

செபம் முடிந்ததும் சாமியார் கையாலும் வாயாலும் சேர்த்துச் சொன்னார். "போன வருசம் உங்க ரெண்டு பேரு பாஷை எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாதும்மா. ஒரு வருசம் டைம் கேட்டது நாங்க படிக்கத்தான்."

அடைக்கலமேரி நிமிர்ந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

பிறவியிலேயே காது கேளாத பிலோமினா, பூசையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எப்போதும் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று பூசை முடியும்வரை அவள் ஒரு தடவைகூட அம்மா பக்கம் திரும்பவில்லை.