வகுபடாத எண்

“யாருக்கும் விடை தெரியாத எண்ணுன்னியே டீச்சர், இது நிஜமாவே எதாலயும் வகுபடாத பகா எண்தானோ?” படுக்கையில் சாய்ந்தபடி கணவர் கேட்டார்.

“வகுத்துப் பாத்தாதானே தெரியும்” என்றாள் கணக்கு டீச்சரான மனைவி.

ஒரு மாதம் கெடு சொல்லி டாக்டர் கைவிரித்த மனிதர், தினம் ஒரு பகா எண்ணால் 20,21,027-ஐ வகுத்து மல்லுக்கட்டியே ஐந்தரை மாதத்தைத் தள்ளிவிட்டார்.

இன்று 1009-ன் முறை. அவருக்குப் பிடிமானமாக ஏதாவது இருக்கட்டும் என்று, 1009-ஐயும் 2003-ஐயும் பெருக்கி அந்த எண்ணை உண்டாக்கியவளே அவள்தான்.

வெகுநேரம் கழித்து அவர் பென்சிலை வைத்தார். “இதாலயும் வகுபடல. நாளைக்கு 1013. பக்கத்துல உக்காருவ இல்ல?”

மீதியை மறைத்திருந்த அவர் விரல்களுக்கிடையே பூஜ்யம் தெரிந்தது.

“உக்காராம எங்க போகப்போறேன்?” என்றவள், அடுத்த பக்கத்தில் தானே 1013 என்று எழுதி வைத்தாள்.