சக்தியுள்ள பழம்

"நீங்கல்லாம் மனுசங்களா சார்? வயசுப் பொண்ண ஒண்டியா ஏத்தி அனுப்பிட்டு, கீழ நின்னு வேடிக்கை பாத்துக்கினு இருந்தீங்களா?"

திருப்பதி ஆஸ்பத்திரி வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நகரியிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்திருந்தாள் ஸ்வர்ணலதா. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் ஜெயபிரகாஷ். அவள் மகள் கீர்த்திக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தருபவர்.

கட்டிலில், மணிக்கட்டில் மாவுக்கட்டோடு கீர்த்தி. அன்று காலைதான் முதல்முறையாகத் தனியாகப் பறந்தாள். நன்றாகத்தான் பறந்தாள், நன்றாகத்தான் இறக்கினாள். தரையைத் தொட்டு பிரேக் போட்ட பிறகுதான் அந்தச் சின்ன விமானம் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ரன்வேயை விட்டு இறங்கி, சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

"அம்மா, சாரைத் திட்டாத. இடது பக்கம் இழுக்குதுன்னு வலது பெடலத்தான் மிதிச்சேன். அது உள்ள போகவே இல்ல."

"பயத்துல மாத்தி மிதிச்சிருப்ப" என்றான் அவள் மாமன் சிட்டிபாபு. "இத்தினி வருசமா லாரி ஓட்டிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

கீர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து தன்னையே அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"மாத்தி மிதிக்கல" என்றார் ஜெயபிரகாஷ். "தப்பு என்னுது. அனுப்பறதுக்கு முன்னாடி வண்டிய நான் இன்னும் நல்லாப் பாத்திருக்கணும்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாயிற்று.

"கேட்டியாடா சிட்டி! அவரே ஒத்துக்கறாரு. ஓட்டை வண்டியில எம்பொண்ண ஏத்தி உட்டுருக்காரு. போதும்டீ கீர்த்தி, துணிமணிய எடுத்துக்கினு கிளம்பு. தறி ஓட்டினாலும் தரையில இருக்கலாம்."

"அம்மா, பாதிக் கிணறு தாண்டிட்டேன்மா. இப்ப வந்து..."

"பேசாத! இவரு இன்னா மனுசன்னு நேத்தே எனக்குத் தெரியும். சாமிய நம்பாதவருகிட்ட புள்ளைய உட்டது என் தப்பு."

அது நேற்றைய கதை. மகள் தனியாகப் பறக்கப் போகிறாளே என்று ஸ்வர்ணலதா கெங்கம்மா கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டி எடுத்து வந்திருந்தாள். அவள் வீட்டில் தறி மோட்டாருக்கு ஒரு பழம், தம்பி லாரிக்கு ஒரு பழம், புது மிக்ஸிக்குக்கூட ஒரு பழம். விமானம் மட்டும் என்ன ஒசத்தி? சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனவளை ஜெயபிரகாஷ் தடுத்துவிட்டார். 'அதெல்லாம் இங்க கூடாதும்மா' என்று ஒரே வார்த்தை.

"கூடாதுன்னீங்களே சார், இப்பக் கேட்டுக்கோங்க!" ஸ்வர்ணலதாவின் குரல் உடைந்தது. "போட்டோ புடிக்கணும்னு உள்ள ஏறி உக்காந்தேன் பாருங்க, அப்பவே உங்களுக்குத் தெரியாம சீட்டுக்கு அடியில வச்சிட்டேன். அந்தப் பழந்தான் எம்பொண்ண உசுரோட இறக்கி உட்டுருக்குது. அது மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஜெயபிரகாஷ் அவளையே பார்த்தார். சட்டைப்பையிலிருந்த போனை எடுக்கப் போன கை, பாதியிலேயே நின்று திரும்பியது.

"இனிமே ஒளிச்சு வைக்காதீங்கம்மா" என்றார் மெதுவாக. "என் கையில குடுங்க. கீர்த்தி மேல போயிட்டு வர்ற வரைக்கும் நானே பத்திரமா வச்சிருக்கேன்."

ஸ்வர்ணலதா அழுகையை நிறுத்தினாள். "அப்ப, நம்பறீங்களா?"

"அந்தப் பழத்துக்கு எவ்வளவு சக்தின்னு இன்னைக்குக் கண்ணால பாத்துட்டேன்மா."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவத்துல ஏதேதோ பேசிட்டேன் சார், மனசுல வச்சிக்காதீங்க. கட்டு பிரிச்சதும் புள்ளைய அனுப்பி வைக்கிறேன். கெங்கம்மா பாத்துக்குவா." மகளிடம் திரும்பினாள். "உங்க நைனா அங்க தவிச்சிக்கினு இருப்பாரு. போன் பண்ணிட்டு வரேன். சிட்டி, நீயும் வா."

இருவரும் வெளியே போகும்வரை காத்திருந்தாள் கீர்த்தி.

"சாமியே கும்பிடாதவர் நீங்க. எனக்காக அம்மாகிட்ட பொய் சொல்லிட்டீங்களே சார்."

"பொய்யா? ஒரு வார்த்தை பொய் இல்லம்மா" என்று போனை எடுத்தார் ஜெயபிரகாஷ். "விசாரணைக்கு வந்தவங்ககிட்ட உள்ளதைச் சொல்லியாச்சு. உன் மேல தப்பே இல்ல. உங்கம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேணாம், தாங்க மாட்டாங்க."

போனில் இருந்த படத்தைப் பார்த்தாள் கீர்த்தி. வலது பெடலுக்குப் பின்னால், வைத்த குங்குமம்கூட முழுசாய்க் கலையாமல், நசுங்கிச் சிக்கிக் கிடந்தது அம்மாவின் எலுமிச்சம்பழம்.