இடது பக்கத்துப் புள்ளிகள்

"இவன் கண்ணு சரியில்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம். மீதியை நான் பாத்துக்கறேன்."

டெஸ்ட்டே இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் ரிசல்ட் சொல்கிறார் இந்த சூப்பர்வைசர். கண் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாகப் பக்கப் பார்வை மெஷினை ஓட்டுகிறேன். எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று, இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

அவர் கூட்டி வந்திருந்தவர் அவருடைய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற டிரைவர். எங்கேயோ மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனுஷன். சின்னக் கண், கனத்த இமை.

"ஒரே மாசத்துல மூணு தடவை என் மேல வண்டியை ஏத்தப் பாத்தான். குடோன்ல இவன் பேரே அரைக்கண்ணுதான். இவங்க ஜனத்துக்கே பக்கத்துல வர்றது தெரியாது. பிறவியே அப்படி."

"யார் சொன்னது?"

"இதை ஒருத்தர் சொல்லணுமா? ஆளுக்கு ஆள் பார்வை மாறுதில்ல, அதே மாதிரி இனத்துக்கு இனமும் மாறும்."

எனக்கு வந்ததே கோபம்.

"புருவ எலும்பு துருத்திட்டு இருந்தா மேல கொஞ்சம் மறைக்கும். மூக்கு பெருசா இருந்தா மூக்குப் பக்கம் கொஞ்சம் மறைக்கும். அது முகத்தோட வாகு சார், பார்வையோட குறை இல்ல. அப்படிப் பாத்தா உங்க மூக்குக்கு முதல்ல உங்களுக்குத்தான் மறைக்கணும்."

சூப்பர்வைசர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

டிரைவரை மெஷின் முன்னால் உட்கார வைத்தேன். சுலபமான வேலைதான். மோவாயைத் தாங்கியில் வைத்து நடுவில் இருக்கும் விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கே ஒளிப்புள்ளி மின்னினாலும் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். மின்னியும் அழுத்தாத இடமெல்லாம் ரிப்போர்ட்டில் கறுப்பாக விழும்.

ரிப்போர்ட் வந்தது. இரண்டு கண்ணிலும் இடது பாதி முழுக்கக் கறுப்பு.

"நான் என்ன சொன்னேன்?" சூப்பர்வைசர் தொடையைத் தட்டினார். "நாளையிலேருந்து இவனுக்கு வேலை இல்ல."

"கொஞ்ச நேரம் சும்மா இருக்கீங்களா? இமை கனமா இருக்கறவங்களுக்கு அது கண்ணை மறைச்சுடும். தூக்கி ஒட்டிட்டு மறுபடி எடுக்கணும்."

இரண்டு இமையையும் தூக்கி, புருவத்தோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டினேன். மறுபடி எடுத்தேன். துளிகூட மாறவில்லை. அதே இடது பாதி, அதே கறுப்பு. இந்த ஆள் முன்னால் போய் மூக்கறுபட்டேனே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போதுதான் டிரைவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"மேடம், இந்த மெஷின் எங்க ஆளுங்களுக்கு ஒத்துவரலையோ என்னவோ. சார் ஒரு தடவை உட்காந்து காட்டட்டும். அவருக்கு நல்லா வந்தா குறை என்கிட்டதான். நானே எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுப் போயிடறேன்."

"வந்தியா வழிக்கு," என்று சூப்பர்வைசர் சட்டென்று உட்கார்ந்தார். "கண்ணுன்னா எப்படி இருக்கணும்னு பாத்துக்கோ."

பட்டன் சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. ரிப்போர்ட்டை எடுத்தேன். இரண்டு கண்ணிலும் இடது பாதி கறுப்பு.

"மெஷின் ரிப்பேர்," என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் அவருக்கு வலது பக்கம் விரலை ஆட்டினார். தெரிகிறது என்று சூப்பர்வைசர் உடனே சொன்னார். இடது பக்கம் ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். "ம், ஆரம்பிங்க டாக்டர்," என்றார் சூப்பர்வைசர்.

"கோளாறு கண்ணுல இல்ல, மூளையில. பாதி தெரியலைங்கறதே இவங்களுக்குத் தெரியாது. இன்னைக்கே ஸ்கேன் எடுத்தாகணும்," என்று சொல்லி டாக்டர் அவரை உள்ளே கூட்டிப்போனார்.

அப்படியானால் மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. டிரைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருந்தார். புருவத்து முடி நாலைந்து கூடவே வந்தது. கேட்காமலே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

மூன்றாவது தடவை ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது.

"வேணும்னே அழுத்தாம இருந்தீங்களா?" நான் கத்தியே விட்டேன். "நான் எழுதிக் குடுத்திருந்தா உங்க பிழைப்பே போயிருக்கும். அவருக்குத்தான் தெரியலைன்னு வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னேன் மேடம். மூணு தடவையும் அவராதான் வண்டி முன்னால வந்தார். மூணு தடவையும் நான் அவருக்கு இடது பக்கம் இருந்தேன். கண்ணைக் காட்டுங்க சார்னு சொன்னேன். 'அரைக்கண்ணு, நீ எனக்குச் சொல்றியா'ன்னு என்னை இங்கே இழுத்துட்டு வந்துட்டார். தினமும் பொண்ணை பைக்ல உட்கார வெச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறார். அவரை இந்த நாற்காலியில உட்கார வைக்க எனக்கு வேற வழி தெரியல."

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. டிரைவர் எழுந்துபோய் அவருக்கு இடது பக்கமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டார். கதவு வரை போனவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பிளாஸ்டரைக் கையில எடுத்ததும் பயந்துட்டேன் மேடம், மாட்டிக்கிட்டோம்னு. இமை தொங்கினா மேலதானே மறைக்கும்? நான் விட்டது இடது பக்கத்தை இல்ல?"

ஆமாம். இந்த மெஷினில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. பதினோரு வருஷ சர்வீஸ்காரி, ரிப்போர்ட்டைப் பார்க்காமல் நானும் அவர் கண்ணைத்தான் பார்த்திருக்கிறேன்.