கண்ணாடி காட்டிய தேக்கு நாற்காலி

தொழிற்சாலைப் பயிற்சி அறையில் ஒரு மாயக்கண்ணாடி இருந்தது. அதைத் தலையில் மாட்டினால் வெறும் அறை பாய்லர் கூடமாகத் தெரியும். மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் இருந்தது.

"நாளையிலிருந்து உனக்கு இங்கே இடமில்லைடி. என்னை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் காலில் இடறுகிறாயாம்," என்றது கண்ணாடி. "உட்கார நான் தேக்கு நாற்காலியே காட்டுவேன், கை வைத்தது."

"காட்டு, காட்டு. யார் வேண்டாமென்றது?" என்றது ஸ்டூல்.

மறுநாள் ஸ்டூலை வாசலில் வைத்தார்கள். மேனேஜர் தணிகைவேல், முதலில் நானே ஏறிக் காட்டுகிறேன் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இல்லாத ஏணியில் நாற்பது அடி ஏறினார். தலை சுற்றியது. பக்கத்தில் தெரிந்த தேக்கு நாற்காலியில் அப்பாடா என்று உட்கார்ந்தார்.

தொப்!

"அந்த ஸ்டூலைக் கொண்டு வாங்கய்யா!" என்று தரையிலிருந்தே கத்தினார். வந்ததும் அதில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். "இது இங்கேயே இருக்கட்டும்," என்று எழுந்தவர், கழற்றிய கண்ணாடியை வைக்க இடம் தேடி, ஸ்டூல் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

"வசதியா உட்காரம்மா," என்றது ஸ்டூல். "தேக்கு இல்லை, பொறுத்துக்கோ."